ஒரு பாக்கெட் குறைகிறது

மருமகள் காலையில் ஃப்ரீசரைத் திறந்து, மேல் டிராயரில் இருந்த பால் பாக்கெட் ஒன்றை விரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போனது.

கல்லாக இருக்க வேண்டிய பாக்கெட். பக்கத்திலிருந்ததை அழுத்தினாள். அதுவும் அமுங்கியது. மூன்றாவதைத் தொட அவளுக்குத் தைரியம் வரவில்லை. "மாமா" என்று கூப்பிட்டாள். வாய்தான் அசைந்தது, சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

சமையலறையில் முட்டைக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த மாமனார் கத்தியும் கையுமாக வந்து நின்றார்.

"என்னம்மா?"

"பால் இளகிப் போச்சு மாமா."

அவர் கத்தியை டிவி மேல் வைத்துவிட்டு, ஒரு பாக்கெட்டை அழுத்திப் பார்த்தார். முகம் செத்துப்போயிற்று. ஆனாலும் அவர் முதலில் செய்தது ஃப்ரீசர் கதவை மூடியதுதான்.

"திறந்து வைக்காதம்மா. இருக்கிற குளிரும் போயிரும்."

உள்ளே இருந்தது கடையில் வாங்கிய பால் இல்லை. அவளுடைய பால். குழந்தை ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டுப் பிறந்து, ஐந்து வாரமாக ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தது. அதற்கு இன்னும் உறிஞ்சிக் குடிக்கத் தெரியாது. மூக்கு வழியாக விட்ட குழாயில் நர்ஸ்கள் சொட்டுச் சொட்டாக ஊற்றுவார்கள். முதல் மூன்று வாரம் தாய்க்குப் பால் தாராளம், குழந்தையின் சாப்பாடோ ஒரு ஸ்பூன். மிச்சத்தைச் சின்னச் சின்ன பாக்கெட்டுகளில் அளந்து ஊற்றி உறைய வைத்தார்கள். பிறகு அவளுக்குக் கடுமையாகக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது பாலையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. இரண்டு வாரமாக ஒரு தடவை உட்கார்ந்து எடுத்தால் பாட்டிலின் அடிப்பாகம்தான் நனைகிறது. கவலைப்பட்டால் பால் வராது என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து கவலைப்படுகிறோமே என்ற கவலையும் சேர்ந்துகொண்டது.

குழந்தைக்கோ தினமும் அளவு கூடிக்கொண்டே போனது. அந்தச் சின்ன வயிற்றுக்கு இப்போதைக்குத் தாய்ப்பால்தான் மருந்து, வேறு எதுவும் சுலபத்தில் ஒத்துக்கொள்ளாது என்று வார்டில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு மறுபடி பால் ஊறும்வரை குழந்தையைக் காப்பாற்ற வேண்டியது அந்த நான்கு டிராயர்களில் இருந்த பாக்கெட்டுகள்தான். அவைதான் இப்போது இளகிக்கொண்டிருந்தன.

இதற்காகவே வாங்கிய செகண்ட் ஹேண்ட் ஃப்ரீசர் அது. ஒல்லியாக, நெஞ்சு உயரத்தில் இருக்கும். சமையலறையில் இடமில்லாததால் முன்னறையில் டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். ஐந்து வாரமாக அந்த வீட்டில் யாரும் டிவி பார்க்கவில்லை, ஃப்ரீசரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்கு முழுப் பொறுப்பு மாமனார். ஒரு சரக்குக் குடோனில் முப்பத்தெட்டு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் இன்றும் அவருக்குக் குடோன்காரர் என்றுதான் பெயர். மருமகள் பாலை எடுத்து வந்து கொடுத்தால், பாக்கெட்டில் ஊற்றி, காற்றை வெளியேற்றி, தேதி ஒட்டி, உள்ளே அடுக்குவது அவர் வேலை. பழைய சரக்கு கீழே, புதுச் சரக்கு மேலே. அதிகாலையில் பேக்கரிக்கு மாவு பிசையப் போகும் மகன், கீழ் டிராயரைப் பாதி இழுத்து மூன்று பாக்கெட்டை எடுத்து ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு, போகிற வழியில் வார்டில் கொடுத்துவிட்டுப் போவான். மத்தியானத்துக்கு மேல் திரும்பி வந்து மனைவியைக் குழந்தையிடம் அழைத்துப் போவான்.

கல்யாணமான புதிதில் மாமனாரும் மருமகளும் "சாப்பிட்டீங்களா", "சாப்பிட்டேன்" என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை. இப்போது அவளுடைய பாலை அவர் வாங்கி அளக்கிறார். இதில் வெட்கப்பட இரண்டு பேருக்குமே நேரம் இருக்கவில்லை. "மேடம் இன்னைக்கு எவ்வளவு சாப்பிட்டாங்களாம்?" என்று பேத்தியைப் பற்றி அவர் தினமும் விசாரிப்பார். மில்லிக் கணக்கில் பதில் சொல்ல வேண்டும். கொஞ்சம் என்றால் விடமாட்டார்.

குடோன்காரர் பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகினார். குமிழைக் கடைசிவரை திருகினார். ஃப்ரீசர் எப்போதும்போல ம்ம் என்று முனகிக்கொண்டுதான் இருந்தது. முனகுகிறதே தவிரக் குளிரவில்லை. தெருமுனை மீன்கடைக்காரருக்குப் போன் செய்தார். அவர் கடை ஐஸ் பெட்டியைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கை அனுப்பி வைப்பதாகச் சொன்னார். மருமகள் வார்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது, யாரும் எடுக்கவில்லை.

அரை மணி நேரத்தில் மெக்கானிக் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயதிருக்கும். மழைக்கு முந்தின புழுக்கம், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்னய்யா கம்ப்ளெய்ன்ட்?"

"குளிரல தம்பி."

"எப்பலேர்ந்து?"

"இன்னைக்குக் காலையிலதான் பார்த்தோம்."

"உள்ள என்ன இருக்கு?"

"சாமான்," என்றார் குடோன்காரர்.

"என்ன சாமான்? மீனா, கறியா?"

"சாமான்தான் தம்பி. வீட்டுச் சாமான்."

மெக்கானிக் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மேலே கேட்கவில்லை. கதவைத் திறப்பார் என்று இருவரும் காத்திருக்க, அவர் திறக்காமல் ஃப்ரீசரின் பக்கவாட்டுத் தகட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பின்பக்கம் குனிந்து, நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையைக் கம்ப்ரசர் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டார்.

"திறந்து பாருங்களேன்," என்றாள் மருமகள்.

"டாக்டர் வந்ததும் வயித்தக் கிழிப்பாராம்மா? இருங்க." கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "இதுக்குள்ள ரெண்டு பேர் வேலை பார்க்கிறாங்க. குளிர உண்டாக்குறவன் ஒருத்தன், இந்தக் கம்ப்ரசர். அத எல்லா டிராயருக்கும் கொண்டுபோய்க் குடுக்கிறவன் இன்னொருத்தன், ஃபேன். மொத ஆள் ஒழுங்கா வேலை பார்க்கிறான். ரெண்டாவது ஆள் சத்தத்தையே காணோம்."

கதவைக் கொஞ்சமாகத் திறந்து, மூடினால்தான் ஃபேனை ஓட விடுகிற ஓரத்துச் சுவிட்சை விரலால் அழுத்தினார். உள்ளே எங்கோ கிர்ரென்று ஒரு உரசல், அவ்வளவுதான். கதவை மூடினார்.

"நினைச்சேன். ஃபேன் ஐஸ்ல மாட்டிக்கிட்டு நிக்குது. பின்னாடி தகட்டக் கழட்டி ஐஸ முழுசாக் கரைக்கணும். உள்ள இருக்கிறத எல்லாம் வெளிய எடுங்க. மூணு மணி நேரம் ஆஃப்ல கெடக்கட்டும்."

"எடுக்க முடியாதுண்ணா," என்றாள் மருமகள்.

"எடுக்காம எப்படிம்மா?"

"எடுக்க முடியாது." அவள் போய் ஃப்ரீசர் கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டாள்.

மெக்கானிக்குக் கோபம் வந்துவிட்டது. காலையிலிருந்து ஒரு டீகூடக் குடிக்காத மனிதர். "வேலை பார்க்கக் கூப்பிட்டுட்டுத் தொடாதேன்னா என்னம்மா அர்த்தம்? அப்படி என்ன தங்கமா வச்சிருக்கீங்க உள்ள?"

குடோன்காரர் மருமகளைப் பார்த்தார்.

"பால்," என்றாள் அவள். "என் பால்தான். எங்க குழந்தைக்கு எடுத்து வச்சது. இப்ப எனக்குப் பால் வரல. இது போச்சுன்னா அவளுக்கு வேற இல்ல."

மாமனார் அண்ணாந்து, ஓடாத மின்விசிறியை உன்னிப்பாகப் பார்க்க ஆரம்பித்தார். மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரைத் தரையில் வைத்தார்.

"குழந்தை எங்க?"

"ஆஸ்பத்திரியில."

"எத்தனாம் மாசம் பொறந்தது?"

"ஏழு."

அவர் தலையை ஆட்டினார். "கை கழுவணும் தங்கச்சி. சோப்பு எங்க இருக்கு?"

முழங்கைவரை தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தவர் வேறு ஆளாக இருந்தார். வீட்டில் இருந்த பெரிய தொட்டி, மூடி போட்ட இரண்டு பாத்திரங்கள், போர்வைகள் எல்லாம் அவர் முன்னால் வந்து சேர்ந்தன.

"ஐயா, மீன்கடையில போய் ஐஸ நல்லாப் பொடியா உடைச்சு வாங்குங்க, ஒரு சாக்கு நிறைய. கல்லுப்பு ரெண்டு கிலோ."

"உப்பு எதுக்கு தம்பி?"

"வெறும் ஐஸ் பத்தாது. உப்பு கலந்தா அந்த ஐஸ் இன்னும் பல மடங்கு குளிரும். ஃப்ரீசர் இல்லாத காலத்துல ஐஸ்கிரீம் வண்டிக்காரங்க எப்படி வித்தாங்கன்னு நினைக்கிறீங்க? பால் பாக்கெட் பாத்திரத்துக்குள்ள இருக்கும், பாத்திரம் தொட்டிக்குள்ள இருக்கும், சுத்தி உப்பும் ஐஸும். மீன் ஐஸ் பால்மேல படாது, பயப்படாதீங்க."

குடோன்காரர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினார். இடது கால் செருப்பு வலது காலில் இருந்ததை மீன்கடைக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். கடைக்காரர் தானே தூக்கி வந்து தருவதாகச் சொல்லியும் கேட்கவில்லை, சாக்கை வாங்கித் தோளில் ஏற்றிக்கொண்டார். முப்பத்தெட்டு வருடம் மூட்டை தூக்குகிறவர்களை நிழலில் நின்றுகொண்டு "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டியவர். தானாக ஒரு மூட்டை தூக்கியது அன்றைக்குத்தான். ஐஸ் உருகித் தோள், முதுகு, வேட்டி எல்லாம் சொட்டச் சொட்ட வீட்டுக்குள் வந்து இறக்கியபோது அவருக்குப் பேச்சு வரவில்லை. விரலால் உப்புப் பொட்டலத்தைக் காட்டினார்.

பாக்கெட்டுகளை எடுத்து வைக்கத் தொடங்கினார்கள். மருமகள் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக் கொடுக்க, மெக்கானிக் இரண்டு கையாலும் வாங்கினார். கல்லாக இருப்பது ஒரு பாத்திரத்தில், இளகியது இன்னொன்றில். மேல் டிராயரில் எல்லாமே இளகியிருந்தன. இரண்டாவதில் ஓரத்தில் இருந்த இரண்டு மட்டும். கீழே இரண்டு டிராயர்களும் கெட்டியாகவே இருந்தன.

"குளிர் கனமானது தங்கச்சி, கீழதான் இறங்கும். அதான் கீழ பொழச்சிருக்கு. இன்னைக்குப் பார்த்தீங்களே, நல்ல நேரம். நாளைக்குப் பார்த்திருந்தா எல்லாம் தண்ணி."

குடோன்காரர் பக்கத்தில் நின்று உதடு அசைய எண்ணினார். கெட்டி முப்பத்தொன்று, இளகியது பதினொன்று.

"நாப்பத்திரண்டு," என்றார். அவர் எதிர்பார்த்த எண் அது இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது. மருமகளுக்கு அதைக் கவனிக்கிற நிலை இல்லை.

பாத்திரங்கள் தொட்டிக்குள் இறங்கின, சுற்றிலும் ஐஸ், அதன்மேல் உப்பு, எல்லாவற்றின் மேலும் இரண்டு போர்வை. மெக்கானிக் பிளக்கைப் பிடுங்கிவிட்டு டிராயர்களை ஒவ்வொன்றாக உருவினார். அடி டிராயரை எடுத்துவிட்டு டார்ச் அடித்து உள்ளே பார்த்தவர், அப்படியே நின்றார்.

"இங்க ஒண்ணு ஒளிஞ்சுக்கிட்டிருக்கு."

பின்சுவரின் மூலையில், ஐஸோடு ஐஸாக ஒட்டிக்கொண்டு ஒரு பால் பாக்கெட்.

முட்டி மடங்காது என்று நாற்காலியைவிட்டுத் தரையில் உட்காராத குடோன்காரர் சட்டென்று மண்டியிட்டு விட்டார். "இருக்கா? இருக்கா தம்பி? கிழிஞ்சிருக்கா பாருங்க."

"முழுசா இருக்கு. கல்லு மாதிரி இருக்கு. ஏங்கய்யா, ஒண்ணு காணோம்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

மருமகள் மாமனாரைப் பார்த்தாள்.

"ஒம்பது நாளாத் தேடுறேன்," என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

மெக்கானிக் கதவின் ஓரத்து ரப்பரைத் தடவிப் பார்த்தார். கீழ் மூலையில் அதுவும் உறைந்து விறைத்திருந்தது. "ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்திருப்பீங்க?"

"காலையில ஒரு தடவை எண்ணுவேன். அப்புறம்... இவ தூங்கறப்ப ஒரு தடவை."

"உண்மையச் சொல்லுங்க. டாக்டர்கிட்டயும் மெக்கானிக்கிட்டயும் மறைக்கக் கூடாது."

"இருபது தடவை இருக்கும்."

மெக்கானிக் பெருமூச்சு விட்டார். "சரி, கதை புரிஞ்சிருச்சு. பாக்கெட்ட இப்படி நெருக்கி அடுக்குனது யாரு? ஊசி போக எடமில்ல."

"நான்தான். குடோன்ல அப்படித்தான் தம்பி. எடவெளி விட்டா எலி பூந்துரும்."

"ஃப்ரீசருக்குள்ள எலி எங்கய்யா வரும்? ஸ்வெட்டர் போட்டுக்கிட்டா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் குரலைத் தணித்துக்கொண்டு, பின்சுவரில் இருந்த ஓட்டைகளைக் காட்டினார். "இது வழியாத்தான் குளிர்காத்து வந்து போகணும். நீங்க அதோட ஒட்டி அடுக்கிட்டீங்க. மேல இருந்து ஒண்ணு பின்னால சரிஞ்சு கீழ விழுந்திருக்கு. அது முட்டினதால அடி டிராயர் ஒரு விரல்கடை முன்னால நின்னிருக்கு. டிராயர் முன்னால நின்னா கதவு மூலை ஒட்டாது. வெளிக்காத்து உள்ள போகும், இந்தப் புழுக்கத்துல காத்துல பூரா ஈரம்தான். போதாததுக்கு நீங்க இருபது தடவை திறந்தீங்க. அத்தனை ஈரமும் பின்னாடி பனியா உறைஞ்சு ஃபேனப் பிடிச்சிருச்சு. மெஷின் மேல தப்பில்ல."

மெஷின் மேல் தப்பில்லை என்றால் யார் மேல் என்று சொல்லத் தேவையில்லை. மருமகள் மாமனார் பக்கம் திரும்பினாள்.

"ஒம்பது நாளா மாமா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த டிராயர முழுசா வெளிய இழுத்துப் பார்த்திருப்பேன். அஞ்சு நிமிஷ வேலை."

"நீ பதறுவேன்னுதாம்மா..."

"இப்ப மட்டும் என்ன பண்றேன்? ஒண்ணு போனாப் போகட்டும்னு விட்டிருந்தா இந்தப் பதினொண்ணு இளகியிருக்காது. நீங்க எண்ணாமலே இருந்திருக்கலாம்."

சொன்ன பிறகு அவளுக்கே அது அதிகமாகப் பட்டது. ஆனாலும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. மெக்கானிக் ஸ்க்ரூக்களைக் கழற்றுவதில் அதிகப்படியான கவனம் காட்டினார்.

குடோன்காரர் மண்டியிட்ட இடத்திலேயே இருந்தார். அந்தப் பாக்கெட்டின் மேல் ஒட்டியிருந்த தேதியைக் கட்டை விரலால் துடைத்தார்.

"போனாப் போகட்டும்னு விட முடியலம்மா. இது நீ காய்ச்சலோட எடுத்தது. எடுக்கலாம், ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொன்னதும் எழுந்து உட்கார்ந்துட்ட. நான் கதவுக்கு இந்தப் பக்கம் நிக்கிறேன். உன் பல்லு கிடுகிடுன்னு அடிக்கிற சத்தம் வெளிய கேக்குது. வேண்டாம்மா, படுத்துக்கோன்னு சொல்லத் தோணுது. நான் எப்படிச் சொல்ல? ஒரு மணி நேரம் உட்கார்ந்து இவ்வளவுதான் எடுத்துக் குடுத்தே. அதப் போய் நான் தொலைச்சுட்டேன்னா, உன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

அவர் அவ்வளவு நீளமாகப் பேசி அந்த வீடு கேட்டதில்லை. மருமகள் உள்ளே போய் ஒரு துண்டும் உலர்ந்த சட்டையும் எடுத்து வந்து அவர் மடியில் வைத்தாள்.

"மொதல்ல சட்டைய மாத்துங்க மாமா. ஈரத்தோட எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பீங்க? உங்களுக்கும் காய்ச்சல் வந்தா நான் யாரைப் பார்க்கிறது?"

அவர் பாக்கெட்டை அவளிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். எழுந்திருக்க முடியவில்லை. ஒரு பக்கம் அவளும் இன்னொரு பக்கம் மெக்கானிக்கும் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

தகட்டைக் கழற்றியதும் பின்னால் இருந்த குளிர்க்குழாய்களையே காணோம். வெள்ளை வெளேரென்று ஒரே பனிப்பாளம், நடுவில் ஃபேனின் இறக்கை ஒன்று மட்டும் எட்டிப் பார்த்தது. டிவி மேல் இருந்த கத்தியை எடுத்துக் கொத்தலாமா என்று குடோன்காரர் கேட்டார். மெக்கானிக் கத்தியை வாங்கிச் சமையலறையில் வைத்துவிட்டு வந்தார்.

"கத்தி பட்டுக் குழாயில ஓட்டை விழுந்தா கேஸ் பூரா போயிரும். அப்புறம் இதத் துணி வைக்கிற அலமாரியாத்தான் வச்சுக்கணும். பொறுமையாத்தான் கரைக்கணும்."

சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை உள்ளே வைத்து, எதிரே டேபிள் ஃபேனை ஓட விட்டார்கள். பனி உருகித் தரையெங்கும் ஓடியது. மாமனார் பிழியப் பிழிய மருமகள் துணி போட்டுக்கொண்டே இருந்தாள். தண்ணீர் வடியும் துளையும் அடைத்துக்கொண்டிருந்தது. மெல்லிய டியூப்பை விட்டு அதையும் திறந்தார் மெக்கானிக். பனியை அவ்வப்போது கரைக்கும் ஹீட்டரை மீட்டர் வைத்துப் பார்த்து, அது நன்றாகவே இருப்பதாகச் சொன்னார். இடையிடையே அவள் போர்வையை விலக்கித் தொட்டியைப் பார்க்கப் போனாள். இரண்டாவது தடவை மெக்கானிக் அவளைப் பார்த்த பார்வையில் பாதி வழியில் திரும்பிவிட்டாள். "மாமனாருக்கு ஏத்த மருமக," என்றார் அவர்.

காலையில் நறுக்கிய வெங்காயம் வாடிக் கிடந்தது. அதையே போட்டு முட்டை பொரித்து, ரொட்டியும் டீயுமாக மூவரும் சாப்பிட்டார்கள். முட்டையில் குடோன்காரர் உப்புப் போட மறந்திருந்தார்.

"ரெண்டு கிலோ கல்லுப்பு வாங்கின வீட்ல முட்டைக்கு உப்பு இல்ல," என்றார் மெக்கானிக். இந்தத் தடவை மருமகள் சிரித்துவிட்டாள். ஐந்து வாரத்தில் அவள் சிரித்து மாமனார் பார்த்ததில்லை. அவசரமாக டீயைக் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

"எங்க மூத்தவனும் அவசரக்காரன்தான்," என்றார் மெக்கானிக். "ஒன்றரை கிலோ. உள்ளங்கையில வச்சுக்கலாம். இப்ப எங்க வீட்டு நிலைப்படி அவன் தலைய இடிக்குது. இடிச்சுட்டு என்னையத் திட்டுறான், வாசல ஏன் குட்டையாக் கட்டினேன்னு."

அவருக்கு இரண்டு வீட்டிலிருந்து போன் வந்தது. "கிளம்பிட்டேன், வந்துக்கிட்டே இருக்கேன்" என்று இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டு, உட்கார்ந்து ரொட்டியைத் தின்றார்.

உச்சி வேளைக்குள் குழாய்கள் வெளியே தெரிந்துவிட்டன. ஃபேனை விரலால் சுண்டினார். தடையில்லாமல் சுற்றியது. எல்லாவற்றையும் துடைத்து உலர்த்தி, தகட்டைப் பூட்டி, கதவு ரப்பரை வெந்நீர்த் துணியால் நீவி நேராக்கினார். ஒரு காகிதத் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்த்தார். நாலு மூலையிலும் காகிதம் வரமாட்டேன் என்றது. பிளக்கைச் செருகினார். முனகலோடு இன்னொரு சத்தமும் சேர்ந்துகொண்டது, மெல்லிய காற்றுச் சத்தம்.

"அதான் ரெண்டாவது ஆள்," என்றார்.

ஒரு மணி நேரம் கழித்து, ஈரத் துணியை உள்தகட்டில் ஒற்றினார். துணி ஒட்டிக்கொண்டது, இழுத்துத்தான் பிரிக்க வேண்டியிருந்தது. தொட்டியில் இருந்த பாக்கெட்டுகளை எடுத்து உள்ளே வைக்கலாம் என்றார். பின்சுவரிலிருந்து இரண்டு விரல் இடைவெளி விட்டு அடுக்கும்படி குடோன்காரரிடமே கொடுத்தார். அவர் விரலை வைத்து அளந்து அளந்து அடுக்கினார். ஒரு நாளைக்கு இரண்டு தடவைக்கு மேல் திறக்கக் கூடாது என்று சொன்னதற்கு, பரீட்சை எழுதப் போகிறவர்போலத் தலையாட்டினார். கெட்டிப் பாக்கெட்டுகள் முப்பத்திரண்டும் உள்ளே போயின. இளகிய பதினொன்றும் தொட்டியிலேயே இருந்தன. உப்பு ஐஸில் அவற்றில் ஏழின் நடுவில் ஐஸ் கரையாமல் நின்றிருந்தது. நான்கு முழுக்கத் தண்ணீர்.

அப்போதுதான் வார்டிலிருந்து போன் வந்தது. மருமகளின் கை இரண்டும் ஈரம். ஃப்ரீசர் மேல் இருந்த போனை மெக்கானிக் ஸ்பீக்கரில் போட்டார்.

"காலையிலேர்ந்து பத்துத் தடவை கூப்பிட்டிருக்கீங்க, என்ன விஷயம்மா?" நர்ஸின் குரல்.

அவள் சொன்னாள். சொல்லும்போது, எல்லாம் சரியாகிவிட்ட பிறகு, அவளுக்கு அழுகை வந்தது.

"அழாதீங்க. நடுவுல ஐஸ் இருக்கிறத திரும்ப உறைய வச்சுருங்க. முழுசாக் கரைஞ்சது எத்தனை?"

"நாலு சிஸ்டர்."

"அத ஐஸ் போட்டு இன்னைக்கு வரும்போது கொண்டாங்க. இன்னைலேர்ந்து அவளுக்கு அளவு கூட்டியிருக்கு, நாளைக்குக் காலைக்குள்ள தீர்ந்துரும். ஒரு சொட்டு வீணாகாது." நர்ஸ் சற்று நிறுத்தினாள். "நாங்க போன் எடுக்காததுக்கும் காரணம் இருக்கு. காலையில உங்க பொண்ணுக்கு மூச்சுக்கு வச்ச குழாய எடுத்தாங்க. தானே மூச்சு விடுறா. சொல்றதவிட, நீங்களே கேளுங்க. இருங்க, கிட்ட கொண்டுபோறேன்."

பால் குழாய் மூக்கில் என்றால், குழந்தை பிறந்ததிலிருந்து மூச்சுக்கான அந்தக் குழாய் வாய் வழியாகத் தொண்டைக்குள் இருந்தது. குழாய் இருந்தால் குரல் வெளியே வராது. இத்தனை நாளும் மகள் அழுவதை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறாள். நெற்றி சுருங்கும், வாய் கோணும், முகமெல்லாம் சிவக்கும், சத்தம் மட்டும் இருக்காது. அதன் குரல் எப்படி இருக்கும் என்று தாய்க்கே தெரியாது.

போனில் என்னவோ கரகரத்தது. யாரோ நடக்கும் சத்தம், ஏதோ கதவு. பிறகு, கரகரப்பாக, நூல் மாதிரி, பெரிய கோபத்தோடு ஒரு அழுகை.

மெக்கானிக் போனின் சத்தத்தைக் கூட்டினார். குடோன்காரர் போனுக்கு அருகில் காதைக் கொண்டுபோனார்.

"யாரு, மேடமா?" என்று கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை.

அழுகை நிற்பதாக இல்லை. நிறுத்தி, மூச்சை வாங்கிக்கொண்டு, முதலிலிருந்து தொடங்கியது. மருமகள் இரண்டு கையையும் நெஞ்சில் அழுத்திக்கொண்டாள். விரல்களுக்கு நடுவே சட்டை நனைந்துகொண்டே வந்தது. அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு பக்கமும் நனைந்து வயிறுவரை இறங்கியது. அதை மறைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆண்கள் இருவரும்தான் ஒரே நேரத்தில் திரும்பி, மூடிய ஃப்ரீசரை முறைத்துக்கொண்டு நின்றார்கள்.

அவள் பால் எடுக்கும் பம்பை எடுத்துக்கொண்டு அறைக்குள் ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது.

மெக்கானிக் தன் சாமான்களைப் பெட்டியில் அடுக்கினார். கிளம்பவில்லை. உள்ளே பம்பின் சத்தம் டக் டக்கென்று கேட்டது. இரண்டு வாரமாகப் பத்து நிமிடத்தில் நின்றுபோகும் சத்தம் அது. அதன் பிறகு வருகிற அமைதியைத்தான் குடோன்காரரால் தாங்க முடியாது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிடம் ஆயிற்று. சத்தம் நிற்கவில்லை. கால் மணி நேரம் ஆயிற்று.

"மாமா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இன்னொரு பாட்டில் குடுங்க."

கொதிக்க வைத்துக் கவிழ்த்திருந்த பாட்டில்களில் ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் போனார். கதவு நாலு விரல் திறந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு பாட்டிலை நீட்டினார். ஒரு கை அதை வாங்கிக்கொண்டு, நிறைந்த பாட்டிலை அவர் உள்ளங்கையில் வைத்தது.

காலையிலிருந்து ஐஸையே தொட்டு மரத்துப்போயிருந்த கைக்கு அது சுடுவதுபோல இருந்தது. அவர் அதை உடனே கொண்டுபோய் ஃப்ரீசரில் வைக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.